கேமராவுக்கு இடது பக்கம் நிற்பவருக்கு

என் பிரியமான தனம் அக்காவுக்கு,

ரூபி எழுதுகிறேன். முதலில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொழிச்சலூரில் உங்கள் அம்மா வீட்டு நடு அறையில், போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலில் உங்கள் அம்மா. எனக்கு வலது பக்கம், வாசல் நிலையில் சாய்ந்தபடி உங்கள் தம்பி ஏழுமலை. உள்ளே அடுப்படியில் அவர் மனைவி சாந்தி. கேமராவை மாட்டிய முக்காலிக்குப் பின்னால் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

கணக்கு விஷயத்தில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பால் பாக்கெட் ஒன்று கூடுதலாக எழுதிவிட்டால்கூட அது எந்த நாள் என்று கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. "ரூபி, நீ மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு பில்லு கேப்படி" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அன்றைய நான்கு பேர் கணக்குத்தான் எனக்கு இன்னும் நேராகவில்லை.

இறந்தவர்களிடம் பேசக்கூடாது, எதையும் கேட்கக்கூடாது என்று எங்கள் சபையில் கண்டிப்பாகச் சொல்வார்கள். நானும் அதை நம்புகிறவள். அதனால் கேட்க வேண்டிய இடத்தில் முழங்காலில் நின்று முதலில் கேட்டேன். அங்கே அமைதியாகவே இருக்கிறது. உரியவளிடமே கேட்டுக்கொள் என்பதுதான் அந்த அமைதிக்கு அர்த்தமோ? தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

நீங்கள் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலேயே இதைப் போடப்போகிறேன். நாம் படம் எடுத்த பெரியவர்களின் வீட்டார் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு முதலில் தனியாக அனுப்பிவிட்டுத்தான் போடுவேன். அவருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய மாட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலருக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் பழையதும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் திடீரென்று போனபோது பேனருக்குப் போட ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் கல்யாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். பக்கத்தில் நின்றவரின் கை மட்டும் அவர் தோளிலேயே தங்கிவிட்டது. தெருமுனையில் பேனர் கட்டியபிறகுதான் எல்லோரும் பார்த்தோம். ஆள் இல்லாத கை. "யார் கைன்னே தெரியலடி ரூபி. தோள்ல கை போட்டுக் கூட்டிகினு போற மாரியே கீது" என்றீர்கள். அழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

கருமாதி முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்து, "உங்க வூட்டுப் பரண்ல ஒரு கேமரா கீதுல்ல?" என்று கேட்டீர்கள். என் கொழுந்தனார் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. பத்தாவது முடிக்காத நான், கைப்பேசியில் வீடியோ பார்த்து, ஜன்னலோரம் ஒரு பூசணிக்காயை வைத்து, அதை முகமாக நினைத்து வெளிச்சம் பழகினேன். அந்தப் பூசணி கடைசியில் சாம்பாருக்குப் போனபோது என் வீட்டுக்காரர், "தெரிஞ்ச மூஞ்சா இருக்கேம்மா, எப்படிச் சாப்பிடறது?" என்றார்.

மகளிர் குழுவால் உங்களுக்குத் தெரியாத வீடு இல்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து படப்பை வரைக்கும் நீங்கள் கூப்பிட்டுக்கொண்டுபோன வீடுகளுக்கெல்லாம் நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் உட்காரும் இடத்திலேயே, ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பது. நம் வேலை அவ்வளவுதான்.

அதில் இரண்டு விஷயங்களை நீங்கள் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஒன்று, படத்தில் இருப்பவர் லென்ஸைப் பார்க்கக்கூடாது. "செவுத்துல மாட்ன படமெல்லாம் நம்மளையே மொறைக்குது பாத்தியா? அது செத்தவங்க பாக்கற பார்வ. உயிரோட கீறவங்க உயிரோட கீற இன்னொருத்தர பாக்கட்டும்" என்பீர்கள். அதற்காக என் இடது தோளை ஒட்டி நின்றுகொண்டு வாய் ஓயாமல் பேசுவீர்கள். பெரியவர்கள் கேமராவை மறந்து உங்களைப் பார்ப்பார்கள். குரோம்பேட்டை ரிட்டயர்ட் சார் விறைப்பாக உட்கார்ந்திருந்தபோது, "சார், பல்செட்ட போட்டுகோங்க. நாளைக்கு இந்தப் படத்த பாத்து, யார்டா இவருன்னு உங்க வீட்டம்மாவே கேக்கப்போறாங்க" என்றீர்கள். போட்டுக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் பல்செட்டே மறுபடி கழன்றுவிட்டது.

இன்னொன்று, பொய் சொல்லி யாரையும் உட்கார வைக்கக்கூடாது. பிள்ளைகள் நம்மை ஓரமாக இழுத்து, "ரேஷன் கார்டுக்குன்னு சொல்லுங்கக்கா, பென்ஷனுக்குன்னு சொல்லுங்கக்கா" என்று கிசுகிசுப்பார்கள். நீங்கள் நேராகப் பெரியவரிடம் போய், "தாத்தா, இது நீங்க போனப்புறம் மாட்டறதுக்கு. நல்லா இருக்க வேணாமா? நீங்களே பாத்து ஓகே சொல்லுங்க" என்பீர்கள். பிள்ளைகள்தான் பதறுவார்கள். பெரியவர்கள் பதறி நான் பார்த்ததில்லை. எழுந்துபோய் நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வருவார்கள்.

படங்களுக்குச் சட்டம் போடுகிற அண்ணன் உங்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? தனி ஆள் படம், அதுவும் வயதானவர் படம் என்றால் அவர் கை தன்னாலேயே கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்துவிடும். "மறைவு தேதி சொல்லுங்கம்மா" என்று கேட்டார். "உயிரோட கீறாங்கண்ணே" என்றீர்கள். அவர் சங்கடமே படாமல், "அப்ப சரி, கீழ எடம் வுட்டு வெக்கறேன்" என்றார். ஜி.எஸ்.டி. ரோடே திரும்பிப் பார்க்கும்படி அவரை ஏசினீர்கள்.

அப்படி இருந்த நீங்கள், ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர்கள். அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

ரொம்ப நாள் கேமராவைத் தொடவில்லை. பிறகு அந்தக் குரோம்பேட்டை சார் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் அக்காவைப் படம் எடுக்க வேண்டுமாம். தனியாகப் போனேன். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மட்டும்தானே இருக்கிறேன், என்னைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கண் என்னைத் தாண்டி இடது பக்கம் போனது.

"இங்க பாருங்கம்மா" என்றேன்.

"பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றார், அங்கேயே பார்த்துக்கொண்டு.

திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர். நாள்காட்டி ஆணிகூட இல்லை. கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்களேன்" என்றார். வயதானவர்கள், பேச்சு வழக்கில் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது படப்பைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. இரண்டு கண்ணும் தெரியாது. அவருக்கு எதைப் பார்க்கிறோம் என்ற பேச்சே இல்லை. கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, நீங்கள் நிற்கிற இடத்தில் வேண்டுமென்றே நான் போய் நின்றேன். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே பேச்சுக் கொடுத்தேன். என் குரல் கேமராவுக்கு இடது பக்கத்திலிருந்து வருகிறது. பாட்டி முகத்தைத் திருப்பினார், கேமராவுக்கு வலது பக்கம். காதைச் சற்றுச் சாய்த்து, யாரோ மெதுவாகச் சொல்வதைக் கேட்பதுபோல வைத்துக்கொண்டார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். வீட்டில் இருந்த மருமகள், "எங்க அத்தை சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா, என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை அக்கா. உங்கள் இடத்தை நான் எடுத்துக்கொண்டதால் நீங்கள் நகர்ந்து நின்றீர்களா?

அந்தப் படம் இந்தக் குழுவிலேயே இருக்கிறது. எல்லோரும் இதயம் போட்டீர்கள். நல்ல படம்தான். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

இனி உங்கள் அம்மா விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீங்கள் போனபோது அம்மா இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். அதிர்ச்சியான செய்தி எதுவும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால் அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் மகள் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருப்பதாக உங்கள் தம்பி சொன்னார். அன்றைக்கு அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. இடுப்பு கூடி, அம்மா தடியூன்றி நடமாட ஆரம்பித்தபிறகும் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய், பொய் பெரிய பிள்ளையாக வளர்ந்துவிட்டது. பெற்ற மகளுக்கு அவர் வீட்டில் ஒரு படம் மாட்டவில்லை. ஒரு விளக்கு ஏற்றவில்லை.

அம்மா ஒருநாள் கேட்டாராம்: "இன்னாடா ஏழுமல, எந்த ஊரு பிரசவம்டா இது? ஆனகூட ஈன்னு முடிச்சிருக்கும்டா இந்நேரம்." அதன்பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். தட்டில் போட்டதைக் காக்கைக்கு வைத்துவிடுவார்.

உங்கள் தம்பி எனக்குப் போன் செய்தார். "ரூபிக்கா, அம்மாவ ஒரு போட்டோ எடுத்துடலாம்னு பாக்கறேன். யார் கேட்டாலும், எம் பொண்ணு வந்து எடுத்தா எடுத்துக்கறேன்னு அடம் புடிக்குது. நீங்க வந்தா ஒத்துக்கும். அக்காவப் பத்தி மட்டும் வாய தொறக்காதீங்க." நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி என்றேன். "நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். சும்மா நில்லுங்க, நான் பேசிக்கறேன்" என்றார்.

நானும் சும்மா நின்றேன். அதுவும் பொய்தான் என்று இப்போது தெரிகிறது.

நான் முக்காலியை விரிக்கும்போதே அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உங்கள் தம்பி வாசல் நிலையிலிருந்து, "அம்மா, தனந்தான் ரூபிக்காவ அனுப்பி வெச்சுது. எனக்கு வர முடியல, நீ போய் அம்மாவ எடுத்துட்டு வான்னு சொல்லிச்சாம்" என்றார்.

அம்மா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குப் பக்கத்தில், என் கண்ணுக்கு ஒரு சாண் மேலே, பார்வை நின்றது. நீங்கள் என்னைவிட ஒரு சாண் உயரம்.

"அனுப்பி வெச்சாளா? அதான் கூடவே வந்துட்டாளே" என்றார். பிறகு அந்தப் பக்கம் பார்த்து, "இன்னாத்துக்குடி நின்னுகினே கீற? உக்காரேன். அப்படியே எளைச்சுப் பூட்ட" என்றார்.

அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அம்மா மட்டும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சரி, எடு" என்றார்.

பொழிச்சலூர் உங்களுக்குத் தெரியாததா? அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் இறங்கியது. கூரைமேல் இறங்குவதுபோலச் சத்தம். அந்த ஊரில் விமானம் போகும்போது யாரும் பேச மாட்டார்கள், பாதி வார்த்தையில் நிறுத்தி வைத்துவிட்டுப் போனபிறகு தொடர்வார்கள். நாங்கள் மூவரும் அப்படித்தான் நின்றோம். அம்மா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில், என் இடது பக்கத்தைப் பார்த்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அப்போதுதான் அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று கேட்காதீர்கள், கை பழகிவிட்டது.

சத்தம் அடங்கியதும் அவர் குரல் தனியாகக் கேட்டது.

"சரிடி. படம் சட்டம் போட்டு வூட்டுக்கு வந்துரட்டும். அதுக்கப்புறம் போலாம். நீயே வந்து கூட்டிகினு போ."

 எங்கே போகப்போகிறாய் என்று உங்கள் தம்பி கேட்டார். "அவ வூட்டுக்குத்தான், வேற எங்க?" என்றார் அம்மா, அவர் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டதுபோல.

வாசலுக்கு வந்ததும் உங்கள் தம்பி என் மேல் பாய்ந்தார். "நீங்க எதுனா சொல்லிட்டீங்களா?" நான் பத்து நிமிடமாக வாயே திறக்கவில்லை என்பதை அவரே பார்த்தார். பிறகு அவரே சமாதானப்படுத்திக்கொண்டார். "வயசாயிடுச்சுக்கா, ஒளறுது. விடுங்க." சாந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒளறலங்க. இவங்க வர்றதுக்கு முன்னாடியே காலைல எங்கிட்ட, இன்னிக்கு தனம் வருவா, அவளுக்கும் சேத்து மீன் வாங்குன்னு சொன்னாங்க" என்றாள். நான் வருகிறேன் என்பதையே யாரும் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

இருக்கலாம் அக்கா. வயதானவர்கள் எதையோ நினைத்துக்கொண்டு எதையோ சொல்வார்கள். நானும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் துணி உலர்த்திவிட்டு வந்து படத்தைக் கணினியில் பார்த்தேன். முகம் தெளிவாக இருக்கிறதா என்று கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் வழக்கம். கண்மணியில் எதிரே இருப்பதெல்லாம் சின்னதாகத் தெரியும். அம்மாவின் கண்ணிலும் தெரிந்தது. முக்காலி, அதன் பின்னால் குனிந்த நான், எனக்குப் பின்னால் உங்கள் வீட்டு அகல ஜன்னல், வெள்ளைச் சதுரமாக. அந்தச் சதுரத்தின் இடது பாதி முழுமையாக இல்லை. ஓர் ஆள் அகலத்துக்கு, மேலேயிருந்து கீழே வரை, வெளிச்சம் மறைந்திருக்கிறது. இன்னொரு கண்ணையும் பார்த்தேன். அதிலும் அப்படித்தான்.

திரைச்சீலையோ என்று முதலில் நினைத்தேன். அந்த ஜன்னலுக்குத் திரை கிடையாது. அலமாரியோ என்று பார்த்தால் அது எதிர்ச் சுவரில் இருக்கிறது. உங்கள் தம்பி நின்றது என் வலது பக்கம். சாந்தி அடுப்படியில். அதற்காகத்தான் முதலிலேயே யார் யார் இருந்தார்கள் என்று எழுதினேன்.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். கணினியை மூடிவிட்டு, விளக்குப் போட வேண்டிய நேரம் ஆகாதபோதும் எல்லா விளக்கையும் போட்டேன். என் வீட்டுக்காரர் வந்து, "என்ன, கரண்ட் பில்லு மேல பாசம் வந்துடுச்சா?" என்றார். அவரிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. ஆனால் உங்களைப் பார்த்து எனக்கு எதற்குப் பயம்? எத்தனை வீட்டு வாசலில் உங்கள் தோளில் சாய்ந்து செருப்பு மாட்டியிருக்கிறேன். எனக்குப் பயம் உங்களைப் பார்த்து இல்லை. அம்மா சொன்ன அந்த வார்த்தையை நினைத்துத்தான்.

படத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. சட்டம் போடவும் கொண்டுபோகவில்லை. உங்கள் தம்பி தினமும் கேட்கிறார். காரணம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பிரிண்ட் சரியில்லை, கடை மூடியிருந்தது, இப்படி. பொய்யே சொல்லாதவள் என்று என்னைச் சொல்வீர்களே, இப்போது என் கணக்கைப் பாருங்கள்.

நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். ஆள் மாறிவிட்டார். மாதக்கணக்காகச் சரியாகச் சாப்பிடாதவர் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நெத்திலிக் குழம்பு வேண்டுமென்கிறார். வயர் கூடையில் இரண்டு புடவை, விபூதிப் பை, வெற்றிலை இடிக்கிற உரல் எல்லாம் எடுத்துவைத்துக் கட்டில் அருகில் தயாராக இருக்கிறது. என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "படம் வந்துச்சா?" அடுத்து என் பக்கத்தில் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நீ மட்டுந்தான் வந்தியா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அது ஒன்றுதான் அந்த வீட்டில் நான் சொன்ன உண்மை.

உங்கள் தம்பியை வெளியே கூப்பிட்டு, அம்மாவிடம் சொல்லிவிடுவோம் தம்பி என்றேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொன்னா செத்துப்புடும்க்கா. இப்பத்தான் ரெண்டு வாய் துன்னுது. ஏன் கெடுக்கறீங்க?"

"சொல்லலன்னாலும் போறதுக்குத்தானே தம்பி மூட்டை கட்டி வெச்சிருக்காங்க?"

"அது பெங்களூருக்கு."

"தம்பி, உங்க அம்மா பெங்களூர்னு ஒரு தடவகூட சொல்லல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கெழம நானே வந்து படத்த வாங்கிக்கறேன். அம்மா ஆசப்படுது, மாட்டிடலாம்" என்றார். "நீங்க நம்ம அக்கா மாதிரி. அக்காவா இருந்தா சொல்லியிருக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும். நாம் உட்கார வைத்த ஒவ்வொரு பெரியவரும், எதற்காக உட்காருகிறோம் என்று தெரிந்துதான் உட்கார்ந்தார்கள். தெரியாமல் உட்கார்ந்தவர் உங்கள் அம்மா ஒருவர்தான். பெற்ற மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற நினைப்பில், அவளோடு நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கூடையில் புடவை அடுக்கி வைத்திருக்கிறார். தான் யாரோடு போகிறோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்தபிறகும் போகிறேன் என்றால் அது அவர் இஷ்டம். நான் தடுக்க முடியாது. தெரிந்து, "நீ போடி, நான் அப்புறம் வர்றேன்" என்று உங்களை அனுப்பிவைத்தால் அதுவும் அவர் இஷ்டம். அழவாவது அவருக்கு ஒரு நாள் கிடைக்க வேண்டாமா?

ஏழுமலை தம்பி, நீங்கள் இதைப் படிக்கும்போது கோபம் வரும். வரட்டும். நீங்கள் அம்மாமேல் வைத்திருக்கும் பாசத்தில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் நீங்கள் என் வீட்டுக்கு வர வேண்டாம். நானே வருகிறேன். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், சாந்தியும் உட்காரட்டும்.

அக்கா, இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. உங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் போய்விட்டீர்கள் என்பதை நானே சொல்வேன். எந்த ஆஸ்பத்திரி, யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியாக என்ன கேட்டீர்கள் என்று அவர் கேட்பதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்வேன். அழுது முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். அதன்பிறகு படம் வேண்டுமா வேண்டாமா என்று அவரிடமே கேட்பேன். அவர் சரி என்று சொல்லாமல் அது சட்டத்துக்குள் போகாது.

ஆனால் போவதற்குமுன் ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வந்தீர்களா, கூட்டிக்கொண்டு போக வந்தீர்களா? எனக்குப் புரிகிற மாதிரி, சனிக்கிழமைக்கு முன்னால் பதில் சொல்லுங்கள், அக்கா.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கை,
ரூபி
கிழக்குத் தாம்பரம்